வாத்தியாரைப் பார்த்து வாங்கிய வண்டி



வழக்கமாக இப்பக்கத்தில் இலக்கணத்தைப் பற்றியும் கற்றல் கற்பித்தலைப் பற்றியும் எழுதுபவன் நான். இன்று மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதப் போகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு இது தேவைதானா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். தேவைதான். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற பள்ளி விடுமுறையில், அலோர் காஜா சந்தைக்கு அருகே என் முன்னாள் மாணவன் ஒருவனின் தந்தையைச் சந்தித்தேன். முகமெல்லாம் மகிழ்ச்சி. கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். உயரமான, சேறு படிந்த ஒரு ‘ஸ்கிராம்ப்ளர்’. எண் பட்டை இல்லை, முன்விளக்கும் இல்லை.

“பையனுக்கு வாங்கிட்டேன் சார். பழசுதான், 1,800 வெள்ளி. எல்லாம் ஒங்களப் பாத்துத்தான்!”

அந்தப் பையனுக்கு வயது பதினைந்து.

“கெரான் இருக்கிறதா?” என்று கேட்டேன்.

“அது எதுக்கு சார்? எஸ்டேட்டுக்குள்ளாறதானே ஓட்டப் போறான்?”

அந்த இடத்தில் எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை. நான் நான்கு ஆண்டுகளாக அப்படிப்பட்ட ஒரு வண்டியில்தான் ஊர் சுற்றுகிறேன். தார்ச்சாலையிலும் செம்மண் சாலையிலும் ஓடும் பழைய 250 சிசி வண்டி அது. அதன்மீது நான் உட்கார்ந்திருப்பதைப் பல பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். ஏன் வாங்கினேன், எப்படி வாங்கினேன், வாங்கும்போது எப்படி ஏமாந்தேன் என்பதை மட்டும் யாரும் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தக் குறையை இக்கட்டுரையால் தீர்க்க விழைகிறேன்.

பள்ளி பிள்ளையிடம் போன காலமும் பிள்ளை பள்ளிக்கு வரும் காலமும்

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் 1890களில் நம் மலாக்கா மண்ணில்தான் உருவானது. தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டதை அடுத்து, புக்கிட் அசகானிலும் ரப்பர் பரவியது. தோட்டங்கள் பெருகியபோது தமிழ்ப் பிள்ளைகளும் பெருகினர். பிரிட்டிஷ் மலாயாவில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று வகுத்தது. அப்பள்ளிகள் பெரும்பாலும் கொட்டகைகளே. ஆனால் ஒரு நன்மை இருந்தது. லயத்திலிருந்து பிள்ளை நடந்தே பள்ளிக்குப் போய்விடலாம்.

இன்றைய நிலை வேறு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் பட்டணத்துக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் நகர்ந்தனர். 150 மாணவர்களுக்கும் குறைந்த பள்ளிகள் என்ற பட்டியலில் நம் தமிழ்ப்பள்ளிகள் நிறைந்து கிடக்கின்றன. தோட்டத்திலேயே தங்கிவிட்ட சில குடும்பங்களின் பிள்ளைகள் வேனிலோ, தந்தையின் கப்சாயிலோ வெளியே வந்து படிக்க வேண்டியிருக்கிறது. தெபோங், காடேக், ரெம்பியா, டுரியான் துங்கால் பக்கம் போய்ப் பாருங்கள். நெடுஞ்சாலை வழவழவென்று இருக்கும். தோட்டத்து வழியில் திரும்பியதும் செம்மண்ணும் கற்களும் பழ லாரி தோண்டிய பள்ளங்களுமாக வேறோர் உலகம் தொடங்கும்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன், நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் தொடர்ந்து பதினொரு நாள் பள்ளிக்கு வரவில்லை. கைப்பேசி எண் வேலை செய்யவில்லை. ‘பெற்றோரின் அக்கறையின்மை’ என்று பதிவேட்டில் எழுதுவது எளிது. நாங்களும் அப்படித்தான் எழுத இருந்தோம். ஒரு சனிக்கிழமை என் காரில் புறப்பட்டேன். முதல்நாள் மழை. தோட்டத்துக்குள் மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு மேட்டில் கார் ஏறவில்லை. பின்வாங்கும்போது சக்கரம் ஓடைப்பக்கம் இறங்கிவிட்டது. பழ லாரி ஓட்டுநர் ஒருவர் கயிறு கட்டி இழுத்துவிட்டார். வந்த வழியே திரும்பினேன்.

மறுநாள் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் தம் கப்சாயின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு போனார். அங்கே கண்டது இதுதான்: தந்தையின் மோட்டார் எஞ்சின் பிடித்துப்போய்க் கிடந்தது. பள்ளங்களைக் காரணம் காட்டி, வேன் லயம்வரை வர மறுத்துவிட்டது. ஐந்து கிலோமீட்டர் நடந்தால்தான் வேன் நிற்கும் முச்சந்தி. விடியுமுன் செம்பனைக் காட்டில் ஒன்பது வயதுப் பிள்ளையைத் தனியே நடக்கவிட எந்தத் தாய் ஒப்புவாள்? அக்கறையின்மை அந்த வீட்டில் இல்லை. அந்தப் பாதையைக் கண்ணால் பார்க்காமலேயே தீர்ப்பெழுதத் துணிந்த எங்களிடம்தான் இருந்தது.

நம் மாவட்ட வரலாற்றிலேயே இதற்கொரு பாடம் உண்டு. 1831இல் நானிங்கை அடக்கப் புறப்பட்ட கும்பினிப் படை, காட்டுக்குள் சிக்கித் தோற்றுத் திரும்பியது. மறுமுறை காட்டை வெட்டிச் சாலை போட்டுக்கொண்டே மெல்ல முன்னேறி, 1832இல்தான் தாபோ நானிங்கைப் பிடித்தது. பீரங்கி வைத்திருந்த படைக்கே வழியில்லாமல் ஒன்றும் ஆகவில்லை. சுண்ணக்கட்டி வைத்திருக்கும் நமக்கு மட்டும் வழியைப் பற்றிய கவலை வேண்டாவா?

‘வாத்தியாருக்கு இது மதிப்பா?’

அந்த ஆண்டே பழைய ஸ்கிராம்ப்ளர் ஒன்றை வாங்கினேன். எழுந்த முதல் எதிர்ப்பு பெற்றோரிடமிருந்து வரவில்லை. ஆசிரியர் அறையிலிருந்து வந்தது. “இந்த வயதில் ரெம்பிட் ஆகப் போகிறீர்களா?” என்று ஒருவர். “ஆசிரியர் என்றால் ஒரு மதிப்பு வேண்டாமா?” என்று இன்னொருவர்.

மதிப்பைப் பற்றிப் பேசலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே ஒன்பது ஆண்டுத் தவணையில் கார் எடுப்பதை நாம் மதிப்பு என்கிறோம். அந்தக் காரில் கீறல் விழும் என்பதற்காகத் தோட்டத்து வாசல் கம்பத்தோடு திரும்பிவிடுவதையும் மதிப்பு என்கிறோம். மாணவனின் வீடு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் ஆறு ஆண்டுகள் அவனுக்குப் பாடம் நடத்தி முடிப்பது மட்டும் நமக்கு இழுக்காகத் தோன்றுவதில்லை. குடும்பத்தோடு பயணம் செய்யக் கார் வேண்டும்; எனக்கும் ஒன்று இருக்கிறது. கார் வைத்திருப்பவரை நான் குறை சொல்லவில்லை. ஆசிரியரின் மதிப்பை நான்கு சக்கரங்களின்மேல் ஏற்றி வைக்கும் மனப்போக்கைத்தான் குறை சொல்கிறேன்.

கப்சாய் போதாதா?

இந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டும். பெரும்பாலோருக்குப் போதும். 1958இல் ஹோண்டா சூப்பர் கப் பிறந்தது. அதே ஆண்டில் பினாங்கின் லோ பூன் சியூ ஹோண்டாவை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து நம் தோட்டத்து மக்களைச் சுமந்தது அந்தக் குடும்பத்து வண்டிகள்தாம். பால் வாளி, எரிவாயுக் கலன், மூன்று பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் அவை ஏற்றியிருக்கின்றன. உதிரிப்பாகம் எந்த மூலையிலும் கிடைக்கும். எந்தப் போமனுக்கும் கைப்பழக்கம். பெட்ரோல் செலவு குறைவு. தோட்டத்துக்குள் எப்போதாவது போகிறவர்கள் கப்சாயை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடவேண்டியதில்லை.

வேறுபாடு எங்கே வருகிறது என்றால், வாரத்தில் பலமுறை, மழையிலும், கரடுமுரடான வழியில் நெடுந்தொலைவு போகும்போதுதான். கப்சாயின் இரு சக்கரங்களும் 17 அங்குலம். ஸ்கிராம்ப்ளரில் முன்சக்கரம் பெரும்பாலும் 21 அங்குலம், பின்சக்கரம் 18. பெரிய சக்கரம் பள்ளத்தில் விழாமல் அதைத் தாண்டி உருளும். அப்சோபர் நீண்டு சுருங்குவதால் முதுகெலும்பு பிழைக்கும். எஞ்சினின் அடிப்பாகம் தரையிலிருந்து உயர்ந்திருப்பதால் கல் இடிக்காது. சாலைக்கும் காட்டுக்கும் பொதுவான இவ்வகை வண்டியை, 1968இல் யமஹா அமெரிக்காவில் விற்பனைக்கு விட்ட டிடி-1 பெரும்புகழ் பெறச் செய்தது. நம் நாட்டில் கவாசாக்கி கே.எல்.எக்ஸ் 150, கே.எல்.எக்ஸ் 250, ஹோண்டா சி.ஆர்.எஃப் 250 எல் போன்றவை பழைய வண்டிச் சந்தையில் அடிக்கடி கண்ணில் படும்.

குறைகளையும் மறைக்கக்கூடாது. இருக்கை குறுகல், பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போக ஏற்றதன்று. சி.ஆர்.எஃப் 250 எல் வண்டியின் இருக்கை உயரம் 875 மில்லிமீட்டர்; சராசரி உயரமுள்ள நம்மவர்க்குக் கால் நுனிதான் தரையில் படும். மொட்டு டயர் போட்டிருந்தால் நனைந்த தார்ச்சாலையில் பிடிப்புக் குறையும். ஆகவே இது எல்லாருக்கும் உரிய வண்டியன்று. உங்கள் வழி எதுவோ அதற்கேற்ற வண்டியை வாங்குங்கள். வழியே இல்லாதவர் இதை வாங்கினால் அது வெறும் ஒப்பனை.

நான் ஏமாந்த கதை

புதியது வாங்க என்னிடம் பணமில்லை, பழையது தேடினேன். ஓர் ஊரில் ஒரு கடை. பெயர் வேண்டாம். வண்டி பளபளவென்று இருந்தது. புதுப் பெயிண்ட், புது ஒட்டுப்படம். மீட்டர் 14,000 கிலோமீட்டர் காட்டியது. நான் போவதற்கு முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தார்கள். நிழலில் நிறுத்தி, “வாத்தியார் வண்டிங்க சார், நீங்க ஓட்டினா இன்னும் மதிப்பு” என்றார் விற்பனையாளர். அந்த ஒரு சொல்லில் என் மூளை வேலைநிறுத்தம் செய்துவிட்டது. 6,500 வெள்ளி எண்ணிக் கொடுத்தேன்.

முதல் வாரத்தில் செம்மண் சாலையில் ஹேண்டல் தானாக ஆடியது. முதல் மூன்று மாதச் செலவை இங்கே தருகிறேன். செயினும் ஸ்புரோக்கெட்டும் 260 வெள்ளி. இரண்டு டயர்கள் 480. ஹேண்டல் கழுத்துப் பேரிங் 140. முன் அப்சோபர் ஆயில் சீல் 160. ஸ்விங் ஆர்ம் பேரிங்குகளும் கூலியும் 360. மொத்தம் 1,400 வெள்ளி. வாங்கிய விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். கடைக்காரரிடம் கேட்டேன். “பழைய வண்டி, அப்படித்தான் சார் இருக்கும்” என்றார்.

அவர் என்னை ஏமாற்றினார் என்பது உண்மை. நான் ஏமாறத் தயாராகப் போனேன் என்பது அதைவிடப் பெரிய உண்மை. மாணவனின் கட்டுரையில் ஒற்றுப்பிழையைத் தேடும் கண், 6,500 வெள்ளிப் பொருளில் எதையும் தேடவில்லை. துணிவதற்கு முன் எண்ண வேண்டும் என்று வகுப்பில் குறள் விளக்கம் சொல்கிறவன், துணிந்த பிறகு எண்ணினேன்.

வாங்குவோர் பார்க்க வேண்டியவை

என் பணத்தில் நான் கற்ற பாடம் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கட்டும்.

1. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். சொன்ன நேரத்துக்கு முன்பே போய், எஞ்சின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஐயப்படுங்கள். குளிர்ந்த எஞ்சின் எளிதில் உயிர்பெற வேண்டும். தொடர்ந்து நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது என்று பொருள். எண்ணெய், பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.

2. கீழே குனிந்து பாருங்கள். ஸ்கிராம்ப்ளரின் வரலாறு அதன் அடிவயிற்றில் எழுதப்பட்டிருக்கும். எஞ்சின் காப்புத்தகடு நசுங்கியிருக்கிறதா? சட்டகத்தின் கீழ்க்குழாயில் பள்ளமோ, புதிய வெல்டிங் தழும்போ இருக்கிறதா? பெயிண்ட் ஓரிடத்தில் மட்டும் புதிதாக இருந்தால் அதற்குக் காரணம் கேளுங்கள்.

3. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் வந்ததும் ‘டக்’ என்று தங்கி நின்றால் கழுத்துப் பேரிங் தேய்ந்துவிட்டது. சக்கரத்தின் அச்சுப்பக்கம் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் இருக்கக்கூடாது. பின்சக்கரத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் அசைத்து, ஸ்விங் ஆர்மையும் இப்படியே சோதியுங்கள். என்னை அழவைத்தவை இவ்விரண்டும்தான்.

4. அப்சோபர் குழாயில் விரலை ஓட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சீல் போயிற்று. துருப்புள்ளிகள் இருந்தால் புதுச் சீலையும் அது கிழிக்கும்.

5. ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். சக்கரத்தைச் சுழற்றி ரிம் கோணுகிறதா என்று பாருங்கள்.

6. காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். வடிகட்டிக்கு உட்புறத்தில் செம்மண் தூள் இருந்தால், அது எஞ்சினுக்குள்ளும் போயிருக்கிறது. பிஸ்டனையும் சிலிண்டரையும் தேய்க்க அதைவிடச் சிறந்த உப்புத்தாள் கிடையாது. திறக்க மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

7. செயினை ஸ்புரோக்கெட்டின் பின்பக்கத்தில் பிடித்து இழுங்கள். பல்லைவிட்டு நன்றாக விலகி வந்தால் தேய்ந்துவிட்டது. ஸ்புரோக்கெட் பற்கள் சுறாவின் துடுப்புப்போல் சாய்ந்திருந்தாலும் அப்படியே.

8. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூ தேயாமலிருந்தாலும் ரப்பர் வயதாகிக் கெட்டியாகியிருக்கும்.

9. மீட்டரை நம்பாதீர்கள். கால்மிதியின் ரப்பர், ஹேண்டல் பிடி, பிரேக் மிதி ஆகியவற்றின் தேய்மானத்தைப் பாருங்கள். 14,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் கால்மிதியின் பற்கள் மழுங்கியிருக்காது. என் வண்டியில் மழுங்கியிருந்தன, நான் பார்க்கவில்லை.

10. விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். கையில் 6,000 வெள்ளி இருந்தால் 5,000 வெள்ளிக்கு வண்டி தேடுங்கள். எஞ்சியது முதல் மூன்று மாதச் சீரமைப்புக்கு.

இயன்றால், கடைக்காரருக்கு வேண்டாத ஒரு போமனைக் கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்லுங்கள். ஐம்பது வெள்ளிக்கு அஞ்சி ஆயிரம் வெள்ளியை இழப்பது நம் பழைய வழக்கம்.

கெரான் இல்லாத வண்டி

இதை மட்டும் தனியே சொல்ல வேண்டும். நாம் ‘கெரான்’ என்று சொல்லும் பதிவுச் சான்று இல்லாத வண்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். சந்தையில் இத்தகைய வண்டிகள் மூன்று வகை. ஒன்று, பந்தயத்துக்கென்றே செய்யப்பட்டுச் சாலையில் ஓட்டப் பதிவு பெறாதது. இரண்டு, சான்றைத் தொலைத்த சோம்பேறியின் வண்டி. மூன்று, திருடப்பட்டது. வாங்கும்போது உங்களுக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். மூன்றாவது வகையென்றால், நாளை காவல்துறை வந்து நிற்பது விற்றவன் வாசலில் அன்று, உங்கள் வாசலில்.

சான்று இருந்தாலும், அதிலுள்ள சட்டக எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்த எண்களோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். அரம் தேய்த்த தடம் இருந்தால் திரும்பிப் பாராமல் நடையைக் கட்டுங்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவில் உரிமை மாற்றம் முறைப்படி முடியும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். ‘பெயர் அப்புறம் மாற்றிக்கலாம்’ என்பது, கடன் பாக்கியோ வேறு வில்லங்கமோ இருக்கிறது என்பதற்கு இன்னொரு பெயர். 250 சிசி வரையிலான வண்டிக்கு ஆண்டுச் சாலை வரி 50 வெள்ளியைத் தாண்டாது. அதைக் கட்டக்கூட வழியில்லாதபடி ஒரு வண்டியை விற்கிறார்கள் என்றால், ஏன் என்று நாம் கேட்க வேண்டாவா?

பெற்றோர்களே, இது பரிசுப் பொருளன்று

இப்போது அந்தத் தந்தையின் சொல்லுக்கு வருகிறேன்.

யு.பி.எஸ்.ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. பி.டி.3 தேர்வு 2022இல் அகற்றப்பட்டது. தேர்வுகள் போயின, மோட்டார் பரிசு கேட்கும் பிள்ளைகளும் வாங்கிக் கொடுக்கும் பெற்றோரும் போகவில்லை. பையன் பிடிவாதம் பிடிக்கிறான், கூட்டாளிகளிடம் இருக்கிறது, வாங்கிக் கொடுத்தால் வீட்டோடு இருப்பான் என்று காரணங்கள் வரிசையாக வருகின்றன. ஒன்றுகூடத் தந்தையின் காரணமாக இல்லை. எல்லாம் மகனின் காரணங்கள்.

பதினாறு வயது நிரம்பாதவர் எந்த மோட்டார் வாகனத்தையும் சாலையில் ஓட்டக்கூடாது என்பது 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம். உரிமம் இல்லாதவரை ஓட்ட விடுபவரும் அச்சட்டப்படி குற்றவாளியே. ‘எஸ்டேட்டுக்குள்தானே’ என்பவர்களைக் கேட்கிறேன்: உங்கள் தோட்டத்துப் பாதை எங்கே போய் முடிகிறது? தார்ச்சாலையில். பதினைந்து வயதுப் பையன் அந்த வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி வருவான் என்று யார் உறுதி சொல்வது? விபத்து நடந்தால் காப்புறுதி இல்லை. அடிபட்டவர் உங்கள் அண்டை வீட்டாராகவே இருக்கலாம். அவருக்கு யார் பொறுப்பு?

தோட்டத்துக்குள்ளேயே ஓட்டினாலும் ஆபத்து குறைவன்று. கல் பரவிய செம்மண்ணில் முன்பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் சக்கரம் வழுக்கி ஆளை வீழ்த்தும். வண்டியை நிறுத்தத் தார்ச்சாலையைவிடக் கூடுதல் தொலைவு வேண்டும். வளைவுகளில் செம்பனை மட்டைகள் எதிரில் வருவதை மறைக்கும். பழம் ஏற்றிய லாரி இறக்கத்தில் நினைத்த இடத்தில் நிற்காது. கால்மிதியில் எழுந்து நின்று, முழங்காலை மடக்கி, முன்னால் பத்தடியை அல்ல, ஐம்பதடியைப் பார்த்து, இரு பிரேக்கையும் மெல்லப் பயன்படுத்த நான் கற்றுக்கொள்ள ஓராண்டு ஆயிற்று. அதற்குள் இருமுறை விழுந்தேன். நான் விழுந்தபோது தலைக்கவசமும், முழங்கால் காப்பும், கணுக்காலை மூடிய காலணியும், நாற்பது வயதின் அச்சமும் என்னிடம் இருந்தன. உங்கள் மகனிடம் இவற்றில் எது இருக்கிறது?

இந்நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பத்துக்கு ஆறு பேருக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். தலைக்கவசம் 1973 முதல் கட்டாயம். அரை நூற்றாண்டு கடந்தும், காலையில் பள்ளி வாசலில் நிற்கும்போது தந்தை மட்டும் கவசம் அணிந்து, பின்னால் இரண்டு பிள்ளைகள் வெறுந்தலையோடு இறங்குவதைப் பார்க்கிறேன். யாருடைய தலை மென்மையானது என்று கேட்கத் தோன்றுகிறது.

வாங்கியதோடு முடிவதில்லை

ஆப்பிரிக்க நாடுகளில் சிற்றூர்ச் சுகாதாரப் பணியாளர்களுக்காகப் பாடுபட்ட ‘ரைடர்ஸ் ஃபார் ஹெல்த்’ என்னும் அமைப்பைப் பற்றிப் பலர் அறிந்திருக்க மாட்டீர்கள். புகழ்பெற்ற பந்தய வீரர் ரேண்டி மமோலா அதன் நிறுவனர்களுள் ஒருவர். நன்கொடையாக வந்த மோட்டார்கள் சிறு பழுதுக்கே மூலையில் கிடந்து துருப்பிடிப்பதைக் கண்டு, பழுதாவதற்கு முன்பே பராமரிக்க வேண்டும் என்ற ஒரே கொள்கையில் அவ்வமைப்பு எழுந்தது. ஓட்டுகிறவரே நாள்தோறும் வண்டியைச் சோதிக்கப் பழக்கினார்கள். வண்டி ஓடினால் தடுப்பூசி ஊருக்குப் போகும், நின்றால் போகாது.

நமக்கும் அதே கணக்குத்தான். எண்ணெய் மாற்றாத ஒரு கப்சாய் எஞ்சின் பிடித்துப்போனதால்தான் என் மாணவன் பதினொரு நாள் பாடத்தை இழந்தான். செம்மண் சாலையில் ஓடும் வண்டிக்குக் காற்று வடிகட்டியை அடிக்கடி கழுவ வேண்டும். செயினைத் துடைத்து எண்ணெய் இட வேண்டும். ஸ்போக் கம்பிகளைச் சரிபார்க்க வேண்டும். சனிக்கிழமை காலையில் அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தில் மகனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். வண்டியைக் கொடுப்பதற்கு முன் ஸ்பானரைக் கொடுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

எல்லாரும் ஸ்கிராம்ப்ளர் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரே ஒரு பட்டியல் எடுக்கட்டும். எந்த மாணவன் எங்கிருந்து வருகிறான், யார் கொண்டுவந்து விடுகிறார், எந்த வண்டியில், மழை பெய்தால் எந்த இடத்தில் வழி துண்டிக்கப்படுகிறது, மாற்று ஏற்பாடு என்ன? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பந்தலுக்கும் பரிசளிப்புக்கும் ஒதுக்கும் நேரத்தில் கால்பங்கை இதற்கு ஒதுக்கினால் போதும். தோட்டத்துக்குள் போகுமுன் நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். ஆசிரியர் என்று சொன்னால் எனக்கு இதுவரை எவரும் மறுத்ததில்லை. காரில் போக முடியாத வீட்டுக்கு, அந்தத் தோட்டத்திலேயே இருக்கும் ஒருவரின் கப்சாயில் ஏறிப் போகலாம். என் முதல் பயணம் அப்படித்தான் அமைந்தது.

அந்தத் தந்தையின் வீட்டுக்குச் சென்ற வாரம் போயிருந்தேன். என் தவறிலிருந்து தொடங்கி, மேலே எழுதிய எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமலிருந்தார். பிறகு வண்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டினார். விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டாராம். 1,800 வெள்ளி, கூலிக்கு உழைக்கும் ஒருவருக்குச் சிறு தொகையன்று. அவருக்கு நான் செய்த நட்டம் அது என்றுகூட அவர் நினைக்கலாம்.

பையன் என்னோடு பேசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டான். பதினாறு வயது நிரம்பியதும் உரிம வகுப்புக்கு நானே அழைத்துப் போகிறேன் என்றும், அதுவரை சனிக்கிழமைகளில் என் வண்டியைக் கழற்றிப் பூட்டக் கற்றுத் தருகிறேன் என்றும் அவன் காதில் விழும்படி சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு சனிக்கிழமைகள் போயின. இன்னும் வரவில்லை. வருவான் என்று காத்திருக்கிறேன்.

அவன் என்னைப் பார்த்துத்தான் கேட்டான். பார்க்கும்படி இருந்தவன், சொல்லும்படியும் இருந்திருக்க வேண்டும். நம் பிள்ளைகள் நம்மிடம் எதைப் பார்க்கிறார்கள் என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்,
அலோர் காஜா, மலாக்கா.